பவர்ஷெல்லில் நாமே உருவாக்கிய டிஎல்எல் கோப்பைப் பயன்படுத்தும் முறை

சி ஷார்ப் மொழியில் எழுதிச் சோதித்து முடித்த ஒரு கணக்கீட்டை, மைக்ரோசாஃப்டின் கட்டளை மொழியான பவர்ஷெல்லின் ஸ்கிரிப்டில் மறுபடியும் எழுதினால், ஒன்றைத் திருத்தும்போது மற்றதைத் திருத்த மறந்து, இரண்டும் வெவ்வேறு விடை தரும் நாள் ஒன்று வந்தே தீரும். அந்த நிரலை டிஎல்எல் கோப்பாக, அதாவது பிற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தக்கூடிய நூலகக் கோப்பாகக் கம்பைல் செய்து, ஸ்கிரிப்டிலிருந்து நேரடியாக அழைப்பதே முறை.

முதலில் சி ஷார்ப் நிரல்கள் ஓடும் தளமான டாட்நெட்டின் எந்த வகைக்காகக் கம்பைல் செய்கிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும். விண்டோஸ் பவர்ஷெல் 5.1 பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க்கின் மீது இயங்குகிறது, பவர்ஷெல் 7.4 டாட்நெட் 8இன் மீது இயங்குகிறது. இரண்டிலும் வேலை செய்ய வேண்டுமானால் இரண்டுக்கும் பொதுவான டாட்நெட் ஸ்டாண்டர்ட் 2.0ஐத் தேர்ந்தெடுப்பது நல்லது. வெளியிலிருந்து அழைக்கப்படும் கிளாஸும் மெத்தடும் பப்ளிக் என அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும்.

கோப்பை ஏற்றுவதற்கு ஆட்-டைப் கட்டளையைப் பாத் அளபுருவுடன் பயன்படுத்துகிறோம். இங்கே கோப்பின் பெயரை மட்டும் கொடுத்தால், ஸ்கிரிப்ட் இருக்கும் கோப்புறையை விட்டுவிட்டு, பயனர் அப்போது நிற்கும் கோப்புறையில் பவர்ஷெல் அதைத் தேடும். ஆகவே ஸ்கிரிப்ட் இருக்கும் கோப்புறையைத் தரும் பிஎஸ்ஸ்கிரிப்ட்ரூட் மாறியையும் கோப்பின் பெயரையும் ஜாயின்-பாத் கொண்டு இணைத்து, முழுப் பாதையைக் கொடுப்பதே பாதுகாப்பானது. ஏற்றிய பின், ஆப்ஜெக்ட் இல்லாமலே அழைக்கக்கூடிய ஸ்டாட்டிக் மெத்தடாக இருந்தால், நேம்ஸ்பேஸுடன் கூடிய கிளாஸின் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டு, இரண்டு முக்காற்புள்ளிகளை அடுத்து மெத்தடின் பெயரை எழுதலாம். மற்றவற்றுக்கு நியூ-ஆப்ஜெக்ட் மூலம் முதலில் ஓர் ஆப்ஜெக்டை உருவாக்க வேண்டும்.

பலரையும் மணிக்கணக்கில் அலைக்கழிப்பது அடுத்த சங்கதிதான். இவ்வாறு ஏற்றிய டிஎல்எல்லை அந்த அமர்வு முடியும்வரை இறக்க முடியாது. விண்டோஸில் கோப்பும் பூட்டப்பட்டிருப்பதால், நிரலைத் திருத்தி மீண்டும் கம்பைல் செய்யும்போது, கோப்பு பயன்பாட்டில் உள்ளது என்ற பிழை எழும். கோப்பை வேறிடத்திற்கு நகலெடுத்து ஏற்றினால் பூட்டுப் பிரச்சினை தீருமே தவிர, முன்பு ஏற்றிய கிளாஸ் நினைவகத்திலேயே இருப்பதால், திருத்திய நிரல்தான் ஓடுகிறது என்று நம்பிப் பழைய விடையையே பார்த்துக்கொண்டிருக்க நேரலாம். எனவே ஒவ்வொரு சோதனையையும் புதிய பவர்ஷெல் அமர்வில் நடத்துங்கள். சோதனை ஸ்கிரிப்டைத் தனிச் செயலாக்கமாக இயக்கினால் இது தானாகவே நடந்துவிடும்.

ஏற்றும்போதே பிழை வந்தால், இணையத்திலிருந்து இறக்கிய கோப்பாயின் அன்பிளாக்-ஃபைல் கட்டளையால் தடையை நீக்குங்கள். 64 பிட் அமர்வில் 32 பிட்டுக்கென்றே கம்பைல் செய்த கோப்பு ஏறாது. நம் கோப்பு சார்ந்திருக்கும் வேறு டிஎல்எல் ஏதேனும் விடுபட்டிருந்தால், பிழைச் செய்தியின் முதல் வரி பெரும்பாலும் காரணத்தைச் சொல்லாது; பிழை ஆப்ஜெக்டின் எக்ஸெப்ஷனுக்குள் லோடர்எக்ஸெப்ஷன்ஸ் என்ற பண்பு இருந்தால் அதைத் திறந்து பாருங்கள், விடுபட்ட கோப்பின் பெயர் அங்கே இருக்கும்.