முட்டை ஓட்டிலேயே இருக்கிறது விவரம்

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் முட்டை வாங்கும்போது அட்டைப்பெட்டியில் அச்சிட்ட புல்வெளிப் படத்தை நம்பிவிடாதீர்கள். மூடியைத் திறந்து, ஓட்டில் உள்ள முத்திரையின் முதல் எண்ணைப் பாருங்கள். 0 என்றால் இயற்கைப் பண்ணை. 1 என்றால் வெளியே மேயவிட்ட கோழி. தலைக்குக் குறைந்தது 4 சதுர மீட்டர் திறந்தவெளி இருக்க வேண்டும். 3 கூண்டுக்கோழி. பலர் ஏமாறுவது 2-இல்தான்: கூண்டு கிடையாது, ஆனால் கோழி கொட்டகையை விட்டு வெளியே வருவதும் கிடையாது! எண்ணை அடுத்துள்ள இரண்டு எழுத்துகள் நாட்டைக் குறிக்கும். கேக், மயோனைஸ் போன்றவற்றில் சேரும் முட்டைக்கு இந்த விவரம் கட்டாயமில்லை. அங்கே உற்பத்தியாளர் தாமாகச் சொன்னால்தான் உண்டு. சொல்லவில்லை என்றால் கூண்டு முட்டை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.