ஏற்காடு போனா இத ஒரு தடவ பண்ணிப் பாருங்க

சேலம் அஞ்சு ரோடு ட்ராஃபிக்ல தினமும் போய்ட்டு வர்றவங்களுக்கு ஒரு சின்ன விஷயம் சொல்றேங்க, வார நாள்ல ஒரு லீவு போட்டுட்டு காலைல நேரமே ஏற்காடு கிளம்புங்க, 20 கொண்டை ஊசி வளைவு இருக்குல்ல, மொத வளைவுலயே போன ஆஃப் பண்ணி பைக்குள்ள வெச்சிருங்க. ஞாயித்துக்கிழமை வேணாம், கூட்டம்.

லேடீஸ் சீட் வியூ பாயிண்ட்லாம் அப்புறம் பாத்துக்கலாம். நேரா சேர்வராயன் கோயிலுக்கு போய்டுங்க, 1,600 மீட்டருக்கு மேல இருக்கு, குகைக்குள்ள சாமி கும்பிட்டுட்டு வெளிய ஒரு ஓரமா உக்காந்து 4 எண்ற வரைக்கும் மூச்ச இழுத்து 6 எண்ற வரைக்கும் மெதுவா விடுங்க, விடுற மூச்சு நீளமானா இதயத்துடிப்பு கொஞ்சம் அடங்கும். மொதல்ல ஆபீஸ், இஎம்ஐ, பிள்ளைங்க ஃபீஸ்னு எல்லாம் மனசுல ஓடும், ஓடட்டும், தடுக்காதீங்க.

20 நிமிஷம் கழிச்சு ஒரு துண்டு பேப்பர்ல "நான் யாருக்காக இப்படி ஓடுறேன்"னு கேட்டு ஒரே ஒரு வரி பதில் எழுதுங்க (போன்ல வேணாம், கையால எழுதுங்க). எனக்கு வந்தது அம்மா பேரு. அன்னிலேருந்து சாயங்காலம் அரை மணி நேரம் அவங்களோடதான் காபி, அந்த பேப்பர் இன்னும் பர்ஸ்ல இருக்கு.

மலைக்கு போக முடியாத வாரம் மொட்ட மாடில 10 நிமிஷம் உக்காருங்க, அதுவும் போதும்.