ஏசி ஃபில்டரைத் திருப்பிப் பிடித்துக் கழுவுங்கள்

ஏசியின் வலை ஃபில்டரைக் கழற்றியதும், தூசி படிந்த பக்கம் கீழே இருக்கும்படி திருப்பிப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீரை விடுங்கள். தூசி வந்த வழியே வெளியேறிவிடும். முன்பக்கமாக அடித்தால் கண்ணிகளுக்குள் இன்னும் இறுகிக்கொள்ளும். அடைத்த வலையில் காற்றோட்டம் குறைந்து, அறை குளிர நேரமாகும், மின்கட்டணமும் கூடும்.

காரைக்குடிப் பக்கத்து வளவு வீடுகளில் முற்றம் வழியாகச் செம்மண் புழுதி தாராளமாக வரும். அதனால் கோடையில் 2 வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கண்ணிகள் மங்கலாகத் தெரிந்தால் கழுவும் நேரம் வந்துவிட்டது. நிழலிலேயே உலர்த்துங்கள். இங்குள்ள வெயிலில் பிளாஸ்டிக் சட்டம் வளைந்துவிட்டால் மறுபடி சரியாகப் பொருந்தாது.

கரி ஃபில்டருக்கும், தாள் மடிப்புப் போல் இருக்கும் ஹெப்பா ஃபில்டருக்கும் இது பொருந்தாது. கழுவலாம் என்று கையேட்டில் குறிப்பிடாதவரை அவற்றில் தண்ணீர் படவிடாமல், புதிதாக மாற்றிவிடுங்கள்.