ஒரு கை மட்டும் சிறுத்திருந்தால்: அளப்பதும் திருத்துவதும்

குடியாத்தத்திலிருந்து சித்தூர் செல்லும் சாலையில் பரதராமியைத் தாண்டினால் ஆந்திரம் தொடங்கிவிடும். அந்தச் சாலையோரத்தில் நான் பயிற்சி செய்யும் ஜிம்முக்கு எல்லையின் இருபுறமிருந்தும் இளைஞர்கள் வருகிறார்கள். அவர்களில் பாதிப் பேராவது என்னிடம் ஒருமுறை கேட்டுவிடும் கேள்வி இதுதான்: "அண்ணா, வலது கை நல்லா வந்துடுச்சு, இடது கை வரவே மாட்டேங்குது. பரம்பரையா?"

பெரும்பாலும் இல்லை. ஒருவருடைய இரண்டு கைகளிலும் இருப்பவை ஒரே மரபணுக்கள்தான். ஆகவே இடது, வலது வேறுபாட்டுக்குப் பரம்பரையைக் குற்றம் சொல்வதற்கு முன் பழக்கத்தையும் தூக்கும் முறையையும் பார்க்க வேண்டும். மரபணுவின் வேலை வேறோர் இடத்தில் தெரியும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் தையற்காரர் டேப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியை நம்ப வேண்டாம். விளக்கு ஒரு பக்கமாக விழுந்தாலே ஒரு தோள் பெரிதாகத் தெரியும். தோள்முனை எலும்புக்கும் முழங்கை முனைக்கும் நடுவே பேனாவால் புள்ளி வைத்து, காலையில், பயிற்சிக்கு முன், கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு மூன்று முறை அளந்து சராசரியை எழுதிக்கொள்ளுங்கள். அதிகம் புழங்கும் கை சற்றே பருத்திருப்பது இயல்பு. ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட வேறுபாட்டை நான் பொருட்படுத்துவதில்லை. அதற்கு மேல் இருந்தால் காரணம் தேடலாம்.

நெசவுக் குடும்பத்துத் தம்பி ஒருவனுக்கு வலது புஜம் முப்பத்து நான்கரை, இடது முப்பத்து மூன்று சென்டிமீட்டர் இருந்தது. சிறு வயதிலிருந்தே லுங்கித் தறியில் உட்கார்ந்து, நாடாவை ஓட்டும் கயிற்றை வலக்கையால் இழுத்தவன் அவன். அது பாதிக் காரணம். மீதிப் பாதி, மல்லாந்து படுத்து, எடைக்கம்பியான பாரை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ் செய்யும்போது தலைமாட்டில் செல்போனை நிறுத்திப் படம் பிடித்தபோது தெரிந்தது. முதல் ஆறு ரெப்பில் (ஒருமுறை தூக்கி இறக்குவது ஒரு ரெப்) நேராக ஏறிய பார், கடைசி இரண்டில் வலப்பக்கம் முந்திக்கொண்டது. அவனுடைய இடக்கை பாரின் நடுவிலிருந்து இரண்டு விரல் அதிகம் விலகியிருந்தது. நல்ல பார்களில் கைவைக்கும் இடத்தைக் காட்டும் வளையக் கோடுகள் இருக்கும். பவர்லிஃப்டிங் பாரில் அவற்றின் இடைவெளி 81 சென்டிமீட்டர், ஒலிம்பிக் பளுதூக்கும் பாரில் 91. கோடு தேய்ந்துபோன பழைய பார்தான் உங்கள் ஜிம்மில் இருக்கிறதென்றால், அளந்து இருபுறமும் இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். பத்து ரூபாய் வேலை.

என் சொந்தப் பிழை, தரையிலிருக்கும் பாரை இடுப்பளவுக்குத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்டில் இருந்தது. ஒரு உள்ளங்கை நம்மையும் மறு உள்ளங்கை வெளிப்புறமும் பார்க்கும் கலப்புப் பிடியில், நான்கு ஆண்டுகள் இடக்கையை மட்டுமே வெளிப்புறம் திருப்பிப் பிடித்தேன். முதுகின் ஒரு பக்கம் தடித்ததோடு, புஜத்தின் முன்தசையான பைசெப்ஸை எலும்போடு இணைக்கும் நாணிலும் இடப்பக்கம் வலி வந்தது. செட்டுக்கு செட், அதாவது இடையில் ஓய்வின்றிச் செய்யும் ஒவ்வொரு சுற்றுக்கும், கையை மாற்றியிருந்தால், அல்லது கட்டை விரலை மடக்கிப் பிடிக்கும் ஹூக் பிடியைப் பழகியிருந்தால் இரண்டையும் தவிர்த்திருக்கலாம். பாரைத் தோளுக்கு ஏற்றி, பிறகு தலைக்கு மேல் தள்ளும் கிளீன் அண்ட் ஜெர்க் செய்பவர்கள் எப்போதும் ஒரே காலை முன்வைப்பதால் தொடைகளும் இப்படி மாறுபடலாம். வார்ம்-அப் எடைகளில் மட்டும் மறுகாலை முன்வைத்துப் பாருங்கள்.

எங்கள் ஜிம்மில் சதீஷ் சிவலிங்கத்தின் படம் மாட்டியிருக்கிறது. வேலூர் சத்துவாச்சாரிக்காரர்; 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில், ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்நாட்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, ஆக 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றவர். அந்த மேடையில் யாரும் வீரரின் புஜத்தை டேப் வைத்து அளப்பதில்லை. ஆனால் கைகள் சமமின்றி நீண்டால் நடுவர் அந்தத் தூக்கலை ஏற்கமாட்டார். அளவைவிட அசைவின் சமநிலையையே முதலில் சரிசெய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் அதுதான்.

திருத்தும் முறை எளிது, பொறுமைதான் கடினம். பன்னிரண்டு வாரங்களுக்கு, கைக்கும் தோளுக்குமான பயிற்சிகளில் பெரும்பகுதியை டம்பெல்லில் ஒவ்வொரு பக்கமாகச் செய்யுங்கள். மெலிந்த கையில் தொடங்குங்கள். அது ஒன்பது ரெப்பில் நின்றால், பலமான கையும் அதே எடையில் ஒன்பதோடு நிற்க வேண்டும்; இன்னும் ஐந்து வரும் என்று தோன்றினாலும் டம்பெல்லைக் கீழே வைத்துவிடுங்கள். மெலிந்த பக்கத்துக்கு அதிகமாக ஒரு செட் போதும். பலமான கையை முழுதாக ஓய்வில் விட வேண்டியதில்லை. ஒரு பக்கத்துக்குத் தரும் பயிற்சியில் மறுபக்கத்தின் பலமும் ஓரளவு கூடும் என்பது 1894ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பதிவானது. ஒரு கையில் கட்டுப் போட்டிருக்கும் காலத்தில் இது பெரிதும் உதவும். அந்தத் தம்பிக்குப் பன்னிரண்டு வாரத்தில் வேறுபாடு எட்டு மில்லிமீட்டராகக் குறைந்தது. அதோடு விட்டுவிடச் சொன்னேன்.

சில மாதங்களுக்குள் ஒரு பக்கம் மட்டும் மெலிந்துகொண்டே போனாலோ, விரல்கள் மரத்தாலோ, பிடி தளர்ந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு நரம்பு மருத்துவரைப் பாருங்கள். கழுத்தில் நரம்பு அழுந்தியிருக்கலாம். பிறவியிலேயே ஒரு பக்க மார்புத் தசை இல்லாதவர்களும் அரிதாக உண்டு. போலண்ட் குறைபாடு (Poland syndrome) எனப்படும் அதை எந்த பெஞ்ச் பிரஸும் நிரப்பாது.

இனி மரபணு. முழங்கையைச் செங்கோணத்தில் மடக்கிப் புஜத்தை முறுக்குங்கள். பைசெப்ஸ் முடியும் இடத்துக்கும் முழங்கை மடிப்புக்கும் இடையே எத்தனை விரல் நுழைகிறது? ஒரு விரல் என்றால் தசை நீளமானது. மூன்று என்றால் தசை குட்டை, நாண் நீளம். அந்த நீளம் பிறப்போடு வந்தது, பயிற்சியால் மாறாது. வயிற்றுத் தசைக் கட்டங்கள் ஏறுமாறாக அமைவதும் அப்படியே. வளரும் வேகமும் ஆளுக்கு ஆள் வேறு: 2005இல் வெளியான ஆய்வொன்றில் 585 பேர் பன்னிரண்டு வாரம் ஒரு கைக்கு மட்டும் ஒரே பயிற்சியைச் செய்தபோது, சிலருக்குத் தசை 2 சதவீதம் குறைந்தது, ஒருவருக்கு 59 சதவீதம் கூடியது. வேகத் தசையிழைகளோடு தொடர்புடைய ஏசிடிஎன்3 போன்ற மரபணுக்களைச் சோதித்துச் சொல்வதாக இப்போது விளம்பரங்கள் வருகின்றன. அத்தகைய தனி மரபணு ஒவ்வொன்றின் பங்கும் சிறியது. அந்தப் பணத்துக்கு முட்டை வாங்கலாம்.

கெண்டைக்காலில்தான் இது அதிகம் உறுத்தும். தசை முழங்காலுக்கு அருகிலேயே முடிந்துவிடும் உடல்வாகு உள்ளவருக்கு அது கீழே இறங்கி வராது, தடிக்க மட்டுமே செய்யும். படி விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, குதிகாலை முழுதாக இறக்கி இரண்டு நொடி நிறுத்தி ஏறுங்கள்; வாரம் மூன்று நாள், காலுக்கு நான்கு செட். அண்ணன் தம்பி யாராவது ஜிம்முக்கு வருபவராக இருந்தால், உங்கள் காலை ஜிம் நண்பரின் காலோடு அல்லாமல் அந்த அண்ணன் தம்பியின் காலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.