தமிழ் வாக்கியத்தைக் கடைசியிலிருந்து படியுங்கள், ஆங்கிலம் வரும்

ஆங்கிலத்தில் நாலு வரி எழுத உட்கார்ந்தால் நம்மில் பலருக்கு வார்த்தைகள் தெரியாமல் இல்லை, எந்த வார்த்தையை எங்கே வைப்பது என்பதில்தான் கை நின்றுவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் 12 டென்ஸ் கொண்ட அட்டவணையை முதலில் நீட்டுகிறார்கள். அது பிறகு வரவேண்டிய பாடம் என்பது என் உறுதியான எண்ணம். முதலில் பிடிபட வேண்டியது சொற்களின் இடம்.

தமிழில் "நாய் பூனையைத் துரத்தியது" என்றாலும் "பூனையை நாய் துரத்தியது" என்றாலும் துரத்தியது நாய்தான். பூனையோடு ஒட்டியிருக்கும் அந்த "ஐ" இருக்கும்வரை பூனையை எங்கே தூக்கி வைத்தாலும் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் அப்படி ஓர் ஒட்டு இல்லை. "தி டாக் சேஸ்ட் தி கேட்" என்பதில் டாகையும் கேட்டையும் இடம் மாற்றினால் பூனை நாயைத் துரத்த ஆரம்பித்துவிடும். ஆயிரம் வருடங்களுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் நம்மைப் போலவே வேற்றுமை விகுதிகள் இருந்தன, காலப்போக்கில் அவை உதிர்ந்துபோனதால் அந்த வேலையை இப்போது இடம் செய்கிறது. உதிராமல் மிச்சம் நிற்பவைதான் ஹி - ஹிம், ஐ - மி போன்றவை.

ஆக, வினைக்கு முன்னால் நிற்பது எழுவாய், பின்னால் நிற்பது செயப்படுபொருள். சரி, மற்ற சொற்களை என்ன செய்வது? இதற்குத்தான் நான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும் வழி ஒன்று இருக்கிறது. ஒரு தாளில் இந்த வாக்கியத்தை எழுதிக்கொள்ளுங்கள்: நான் / நேற்று / என் தம்பியோடு / பஸ்ஸில் / மதுரைக்கு / போனேன். "நான்" மட்டும் அசையாமல் இருக்கட்டும், மீதியைக் கடைசியிலிருந்து படித்துக்கொண்டு வாருங்கள். போனேன், மதுரைக்கு, பஸ்ஸில், என் தம்பியோடு, நேற்று. இப்போது ஆங்கிலம்: "ஐ வென்ட் டு மதுரை பை பஸ் வித் மை பிரதர் எஸ்டர்டே." ஒரு சொல்கூட வரிசை தப்பவில்லை, பாருங்கள். இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு துண்டுக்குள்ளும் அதேதான் நடந்திருக்கிறது: மதுரைக்குப் பின்னால் ஒட்டிய "கு" முன்னால் வந்து "டு" ஆகிறது, பஸ்ஸின் "இல்" முன்னால் வந்து "பை" ஆகிறது, தம்பியின் "ஓடு" முன்னால் வந்து "வித்" ஆகிறது. பிரெபொசிஷன் என்று பயமுறுத்தும் விஷயம் பெரும்பாலும் நம் வேற்றுமை உருபுதான், நிற்கும் பக்கம் மட்டும் வேறு. திரும்பாமல் அப்படியே இருப்பவையும் உண்டு: என் தம்பி "மை பிரதர்"தான், சிவப்புச் சட்டை "ரெட் ஷர்ட்"தான்.

அடுத்தது காலி நாற்காலி. தமிழில் "வந்தேன்" என்றாலே வந்தது நான் என்று வினையே சொல்லிவிடும், ஆங்கிலத்தில் "கேம்" யாருக்கும் பொது, அதனால் பொதுவாக எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்காது. வைக்க ஆளே இல்லையென்றால்கூட "இட்" என்று ஒன்றைக் கொண்டுவந்து உட்காரவைப்பார்கள், "இட் இஸ் ரெய்னிங்" என்பதில் அந்த இட் எதையும் சுட்டவில்லை, இடத்தை நிரப்புகிறது, அவ்வளவே. அதேபோல வினையும் கட்டாயம். "அவர் டாக்டர்" என்று நாம் வினையே இல்லாமல் முடித்துவிடுகிறோம், அங்கே "ஹி இஸ் எ டாக்டர்" என்று இஸ் வந்தே ஆகவேண்டும்.

மேலே சொன்ன வழி தடுக்கும் ஓர் இடம் உண்டு, "எனக்கு" என்று தொடங்கும் வாக்கியங்கள். எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தமிழ் தெரியும், எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள். இங்கெல்லாம் "டு மி" என்று ஆரம்பிக்காதீர்கள். எனக்கு என்பதை நான் என்று மாற்றிக்கொண்டு எழுதுங்கள்: "ஐ ஆம் ஹங்ரி", "ஐ நோ தமிழ்", "ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்". "இருக்கிறார்கள்" என்பதில் நிகழ்காலம் கேட்கிறதே என்று பலர் "ஐ ஆம் ஹேவிங்" என்று எழுதிவிடுகிறார்கள். சாப்பிடுவதைச் சொல்ல "ஹேவிங் லஞ்ச்" சரி, தம்பிகளுக்கு ஹேவ் போதும்.

கேள்விக்கு நாம் கடைசியில் ஓர் "ஆ" போட்டால் முடிந்தது, வந்தாயா, போனாரா. ஆங்கிலத்தில் அந்த வேலைக்கு ஒரு சொல்லை முன்னால் வைக்கிறார்கள்: டூ, டஸ், டிட். இங்கே ஒன்றைக் கவனித்தால் பாதித் தவறு போய்விடும். "ஷி கோஸ்" என்பதில் கடைசியில் இருக்கும் "ஸ்", கேள்வியாகும்போது டஸ்ஸுக்குத் தாவிவிடுகிறது, அதனால் "டஸ் ஷி கோ?" கோஸ் அல்ல. இறந்தகாலம் டிட்டுக்குள் போய்விட்டதால் "டிட் யூ கோ?" வென்ட் அல்ல. இல்லை என்று சொல்லும்போதும் இதேதான், "ஐ டிட் நாட் கோ". ஒரு வினைக்குக் காலம் ஓரிடத்தில்தான் தங்கும்.

அப்புறம் எ, ஆன். இது நமக்கு ஏற்கெனவே தெரிந்த விதி: ஓர் ஆடு, ஒரு மாடு. அந்த ஆங்கிலச் சொல்லைக் காதில் விழுகிறபடி தமிழில் எழுதிப் பாருங்கள், முதலில் உயிரெழுத்து வந்தால் ஆன், இல்லையென்றால் எ. மணிநேரத்தைக் குறிக்கும் "அவர்" ஹெச்சில் தொடங்கினாலும் ஒலி "அ", ஆகவே "ஆன் அவர்". யூனிட் என்பது யூ என்கிற ஆங்கில உயிரெழுத்தில் தொடங்கினாலும் காதில் "ய", ஒரு யானை என்கிற மாதிரி "எ யூனிட்". எம்.எல்.ஏ. என்றால் "ஆன் எம்.எல்.ஏ."

பெரிய வாக்கியத்திலும் அதே வழிதான். "நேற்று கடையில் நான் பார்த்த பெண்" என்பதைக் கடைசியிலிருந்து எடுங்கள், எழுவாய் மட்டும் எப்போதும்போல வினைக்கு முன்னால் நிற்கட்டும். பெண், நான் பார்த்த, கடையில், நேற்று. "தி வுமன் ஐ சா அட் தி ஷாப் எஸ்டர்டே." இப்போது நீங்கள் ஒன்று செய்து பாருங்கள்: "அக்கா போன வாரம் சென்னையில் வாங்கிய புடவை." புடவையிலிருந்து ஆரம்பியுங்கள்.