பூங்காவிலும் ரிசார்ட்டிலும் குடும்பத்தோடு சாப்பிடுவது எப்படி: குமரி மாவட்டத்தாருக்கு ஒரு வழிகாட்டி

குமரி மாவட்டக் குடும்பங்கள் விடுமுறைக்குத் தேர்ந்தெடுக்கும் இடங்கள் பெரும்பாலும் தெரிந்தவைதான். உள்ளூரிலேயே என்றால் கன்னியாகுமரி, முட்டம், சொத்தவிளை போன்ற கடற்கரைகளைச் சார்ந்த விடுதிகள். களியக்காவிளை தாண்டினால் பூவாறு, கோவளம் ரிசார்ட்டுகள். பிள்ளைகள் அடம்பிடித்தால் வெம்பாயம் ஹேப்பிலேண்ட் அல்லது கொச்சி வொண்டர்லா. இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒன்று உண்டு. வாசலைத் தாண்டி உள்ளே போய்விட்டால், அவர்கள் சமைத்து வைத்திருப்பதை, அவர்கள் வைத்திருக்கும் நேரத்தில்தான் சாப்பிட வேண்டும். நான்கு வயதுக் குழந்தையையும் சர்க்கரை நோய் உள்ள பாட்டாவையும் கூட்டிக்கொண்டு போகும் குடும்பத்துக்கு இது சிறிய விஷயமல்ல. அங்கே உண்டாகும் மனவருத்தங்களில் பெரும்பகுதி ருசிக் குறைவால் வருவதில்லை. பசித்த நேரத்தில் கையில் எதுவும் இல்லாமல் போவதால் வருகிறது. ஆகவே என்ன சாப்பிடுவது என்பதைவிட எப்போது சாப்பிடுவது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

முன்பதிவு செய்யும்போது கேட்க வேண்டியவை

ரிசார்ட் அறையைப் பதிவு செய்கையில் சிபி, எம்ஏபி, ஏபி என்று மூன்று திட்டங்கள் சொல்வார்கள். சிபி என்றால் அறை வாடகையுடன் காலை உணவு மட்டும். எம்ஏபி என்றால் காலை உணவுடன் மதியம் அல்லது இரவு இரண்டில் ஒரு வேளை. ஏபி என்றால் மூன்று வேளையும். பகலில் வெளியே சுற்றிப் பார்க்கப் போகும் குடும்பத்துக்கு ஏபி திட்டம் பெரும்பாலும் வீண்தான். பத்மநாபபுரம் அரண்மனையிலோ மாத்தூர் தொட்டிப்பாலத்திலோ நிற்கும் மதிய வேளையில், பணம் கட்டிய சாப்பாட்டுக்காகக் கடற்கரை விடுதிக்குத் திரும்ப ஓட வேண்டியிருக்கும். பூவாறு போலப் படகில் ஏறித்தான் போய்ச் சேர முடியும் என்ற இடங்களில் மட்டும் எம்ஏபி அல்லது ஏபி எடுப்பது நல்லது என்பது என் கருத்து. இரவு எட்டு மணிக்கு அங்கிருந்து வெளியே போய்ச் சாப்பிட்டு வருவது நடக்கிற காரியமல்ல.

இதைவிட முக்கியமான கேள்வி, அந்தக் காலை உணவு எத்தனை பேருக்கு என்பது. அறை வாடகையில் சேர்ந்திருக்கும் உணவு வழக்கமாக இரண்டு பெரியவர்களுக்கானது. கூடுதல் கட்டிலில் படுக்கும் பாட்டிக்கும் பத்து வயதுப் பையனுக்கும் தனியே பணம் வாங்குகிறார்களா, குழந்தைகளுக்கு எந்த வயது வரை இலவசம், எந்த வயது வரை பாதி விலை என்பதையெல்லாம் தொலைபேசியில் கேட்டதோடு நிறுத்தாமல் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்காவது நிலக்கடலை, இறால், பால், முட்டை போன்றவற்றால் ஒவ்வாமை இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். உணவு மேசையில் அமர்ந்த பிறகு பரிமாறுபவரிடம் சொல்வது சமையலறை வரை போய்ச் சேரும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

சூரிய உதயமும் காலை உணவும்

கன்னியாகுமரியில் தங்குபவர்கள் சூரிய உதயம் பார்க்க ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறார்கள். உதயம் முடிந்து திரும்பும்போது பிள்ளைகளுக்கு நல்ல பசி இருக்கும். விடுதியின் பஃபே பெரும்பாலும் ஏழரை மணிக்கு முன் திறப்பதில்லை. இந்த ஒரு மணி நேர இடைவெளிக்குத்தான் மட்டிப்பழம் வேண்டும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மாவட்டத்துப் பழம் இது. விரல் அளவே இருப்பதால் சின்னக் குழந்தையும் ஒரு பழத்தை முழுதாகத் தின்றுவிடும், பல் முளைக்காத குழந்தைக்கு மசித்தும் கொடுக்கலாம். முந்தைய நாள் மாலையில் ஒரு சீப்பு வாங்கி அறையில் வைத்துவிட்டால் காலைக் கவலை தீர்ந்தது. அறையில் உள்ள கெட்டிலில் வெந்நீர் வைத்துப் பெரியவர்கள் சுக்கு காப்பி போட்டுக்கொள்ளலாம்.

விவேகானந்தர் பாறைக்கான படகு காலை 8 மணிக்குப் புறப்படத் தொடங்குகிறது. முதல் படகைப் பிடிக்க வேண்டும் என்று பஃபேயை விட்டுவிட்டு வரிசையில் போய் நிற்பவர்கள் உண்டு. படகு, தியான மண்டபம், அங்கிருந்து 2024 டிசம்பர் இறுதியில் திறந்த கண்ணாடிப் பாலத்தின் வழியாகத் திருவள்ளுவர் சிலை, மறுபடியும் படகு என்று பொழுது போய்விடும். வெறும் வயிற்றோடு அந்த வெயிலில் முதியவர்களை நிறுத்துவது சரியல்ல. பஃபே திறந்தவுடன் முதல் ஆளாகச் சாப்பிட்டுவிட்டு வரிசைக்குப் போங்கள். கூட்டம் சேரும் முன் சாப்பிட்டால் தோசையும் சூடாகக் கிடைக்கும். நவம்பர் நடுப்பகுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை ஐயப்ப பக்தர்கள் பெருமளவில் வருவதால் ஊரின் சைவ உணவகங்கள் நிரம்பி வழியும். அந்த மாதங்களில் விடுதியிலேயே காலை உணவு சேர்ந்த அறையை எடுப்பது பெரிய நிம்மதி.

பஃபே முன்னால் நிற்கும்போது

பஃபேயில் முதலில் தட்டை எடுக்காதீர்கள். ஒரு சுற்று நடந்து எல்லாப் பாத்திரங்களையும் பார்த்துவிட்டு வாருங்கள். மூடியைத் தூக்கினால் ஆவி முகத்தில் அடிக்க வேண்டும், மூடியின் உட்புறத்தில் நீர்த்துளிகள் கோத்திருக்க வேண்டும், அடியில் தீ எரிந்துகொண்டிருக்க வேண்டும். சூடான உணவை 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் வைத்திருந்தால்தான் கிருமிகள் பெருகாது. நம் பக்கத்துச் சமையலில் தேங்காய் அதிகம்; அவியல், தீயல், தேங்காய் அரைத்த மீன்கறி, சட்னி எதுவானாலும் ஆறிப்போய் மணிக்கணக்கில் இருந்தால் முதலில் கெடுவது இவைதான். சேவை முடியும் நேரத்தில் போகிறீர்கள் என்றால் சட்னியை விட்டுவிட்டுச் சாம்பாரோடு நிறுத்திக்கொள்ளலாம். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைக் கேரளம் 2023 ஜனவரியில் தடை செய்தது, தமிழ்நாடு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்தது. சாலட், சாண்ட்விச் பகுதியில் பிள்ளைகள் கை வைக்கும் முன் அதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

பிள்ளைகள் பஃபேயைக் கண்டதும் கேக், பழச்சாறு, சோளப்பொரி என்று ஒரே தட்டில் குவிப்பார்கள். திட்டிப் பயனில்லை. “மக்கா, முதல்ல ரெண்டு இட்லி எடு, பொறவு உனக்குப் பிடிச்சத எடுக்கலாம்” என்று பாட்டி ஒருவர் பக்கத்தில் நின்று சொன்னால் போதும். பாலும் கேக்கும் மட்டும் தின்று நீச்சல் குளத்தில் இறங்கிய பிள்ளை பதினோரு மணிக்கே பசி என்று வந்து நிற்கும். அந்த வேளையில் ரிசார்ட்டில் கிடைப்பது அறைக்குக் கொண்டுவரும் விலை கூடிய சாண்ட்விச்தான்.

மீன் சாப்பிட விரும்புபவர்களுக்கு

கடற்கரை ரிசார்ட்டுக்குப் போய் மீன் சாப்பிடாமல் வர யாருக்கும் மனம் வராது. ஆனால் நம் கோடை விடுமுறை விசைப்படகுத் தடைக்காலத்தோடு சேர்ந்தே வருகிறது. கிழக்குக் கடற்கரைப் பகுதிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல் முதலிய மேற்குக் கடற்கரைப் பகுதிக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. அந்த நாள்களில் வள்ளத்திலும் கட்டுமரத்திலும் பிடிக்கும் மீன் வரும் என்றாலும் வரத்து குறைந்து விலை ஏறியிருக்கும். பட்டியலில் உள்ள நெய்மீன் ஐஸில் பல நாள் இருந்ததாகவும் இருக்கலாம். பட்டியலைப் பார்க்காமல், “இன்றைக்கு என்ன மீன் வந்தது?” என்று கேளுங்கள். சாளை, அயிலை, நெத்திலி என்று பதில் வந்தால் அதையே வாங்குங்கள். அன்று வந்த சிறுமீன் பழைய நெய்மீனைவிட எவ்வளவோ மேல். எடைக்கு விலை சொல்லும் மீன் என்றால் முழு மீனையும் கண்ணில் காட்டச் சொல்லி, நிறுத்து, விலையைப் பேசி முடித்த பிறகே பொரிக்கச் சொல்ல வேண்டும்.

மரச்சீனிக் கிழங்கு, உள்ளித்தீயல், எரிசேரி போன்ற நம் சாப்பாடு வேண்டும் என்றால் முந்தைய நாள் மாலையிலேயே சமையல்காரரிடம் சொல்லிவையுங்கள். பனீரும் கோபி மஞ்சூரியனும் எல்லா ஊரிலும் கிடைக்கும். வெளியூர் உறவினர்களை அழைத்து வந்திருக்கும்போது நம் ஊர்ச் சமையலைக் கேட்டு வாங்கித் தருவதுதான் மரியாதை.

நீர்ப்பூங்காவில் ஒரு நாள்

பூங்காக்களில் வெளி உணவை அநேகமாக வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். குழந்தை உணவும் மருந்தும் கொண்டு போகலாமா என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இன்சுலின் போடுபவர் உடன் வந்தால் அதை வாசலில் சொல்லி, அவருக்குக் கொஞ்சம் பிஸ்கட்டும் பழமும் கையில் இருக்க ஏற்பாடு செய்ய வேண்டும். உணவக வரிசையில் நிற்கையில் சர்க்கரை இறங்கினால் அங்கே உடனே உதவுவது அந்தப் பிஸ்கட்டும் பழமும்தான்.

காலை உணவை வழியில் முடித்துவிடுவது நல்லது. வெம்பாயம் போகிறவர்கள் மார்த்தாண்டத்திலோ களியக்காவிளையிலோ புட்டும் பயறும் பப்படமும் சாப்பிட்டால் மதியம் வரை தாங்கும். பூங்காவுக்குள் மதியம் ஒன்று முதல் இரண்டு மணி வரை எல்லோரும் ஒரே நேரத்தில் உணவகத்துக்கு வருவார்கள். நீங்கள் பதினொன்றே முக்காலுக்கே சாப்பிட்டுவிடுங்கள். மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் சறுக்குகளில் வரிசை குறைந்திருக்கும். சுழலும் ராட்டினங்களைச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். பிரியாணி சாப்பிட்ட கையோடு ஏறினால் வாந்தி வரும். சாப்பிட்ட பின் அரை மணி நேரம் நிழலில் உட்கார்ந்துவிட்டுக் குழந்தைகளுக்கான ஆழமில்லாத குளத்திலிருந்து மறுபடி தொடங்கலாம்.

கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட்டு வந்தால் யுபிஐ கிடையாது. நீர் புகாத சிறு பையில் ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் சிலவும் சில்லறையும் கழுத்தில் தொங்கட்டும். ஈர உடையோடு ஏசி உணவகத்தில் உட்கார விடமாட்டார்கள், விட்டாலும் பிள்ளைகள் நடுங்குவார்கள். ஆளுக்கொரு துண்டு வேண்டும். ஒருவருக்கு ஒரு தட்டு என்று கணக்குப் போடாமல் மூவருக்கு இரண்டு தட்டு வாங்கித் தொடங்கி, தேவைப்பட்டால் மேலும் வாங்குங்கள்.

இரவு உணவும் பில்லும்

குளத்தில் ஆடிய பிள்ளைகள் எட்டு மணிக்கு மேல் விழித்திருக்க மாட்டார்கள். ஏழு மணிக்கே மேசையைப் பதிவு செய்து, உட்கார்ந்தவுடன் அவர்களுக்குத் தயிர்சாதமோ தோசையோ முதலில் கொண்டுவரச் சொல்லிவிட்டு, பெரியவர்கள் பிறகு பட்டியலைப் பார்க்கலாம்.

பில் வந்ததும் வரியைப் பாருங்கள். முந்தைய நிதியாண்டில் ஏதேனும் ஓர் அறையை நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாடகைக்கு விட்ட விடுதியின் உணவகத்தில் ஜிஎஸ்டி 18 சதவீதம். சாதாரண உணவகத்தில் 5 சதவீதம். 2,000 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு ஓரிடத்தில் 100 ரூபாய், இன்னோரிடத்தில் 360 ரூபாய் வரி என்பதை மனத்தில் வைத்து எந்த வேளையை எங்கே சாப்பிடுவது என்று தீர்மானிக்கலாம். சர்வீஸ் சார்ஜ் என்று தனியே சேர்த்திருந்தால் அது வரியல்ல. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. அமைதியாக நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் தரலாம். பரிமாறியவருக்குக் கொடுக்க நினைப்பதை அவர் கையிலேயே கொடுங்கள். விடிவதற்கு முன் புறப்படும் நாளில், பணம் கட்டிய காலை உணவைப் பொட்டலமாகக் கட்டித் தரச் சொல்லி முந்தைய இரவே வரவேற்பறையில் எழுதி வையுங்கள். சட்னி வேண்டாம், இட்லிக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் போதும் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.