பனியாறு விட்டுப்போன இடத்தை அளப்பது எப்படி? தெற்கு லோனாக் ஏரியில் ஒரு பயிற்சி

பனியாறு உருகிப் பின்வாங்கினால் அதன் முன்னால் உள்ள நிலமும் சும்மா இருப்பதில்லை. பள்ளத்தில் ஏரி தேங்கும். இத்தனை காலம் பனி முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த சரிவுகள் பிடிமானம் இழந்து இறங்கும். சிக்கிமில் சுமார் 5,200 மீட்டர் உயரத்தில் உள்ள தெற்கு லோனாக் ஏரி அப்படி வளர்ந்ததுதான். 2023 அக்டோபர் 3 இரவு அது உடைந்தது. தீஸ்தா ஆற்றில் பாய்ந்த வெள்ளம் சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் நீர்மின் திட்டத்தின் அணையை அடித்துச் சென்றது. பலர் இறந்தார்கள். இந்த ஏரியை வைத்தே கற்றுக்கொள்வோம். ஒரு கணினியும், வரைபடங்களைக் கையாளும் இலவச கியூஜிஐஎஸ் மென்பொருளும் போதும்.

1. படங்களைத் தேர்ந்தெடுங்கள்

செயற்கைக்கோள் படங்கள் கிடைக்கும் இணையதளங்கள் இரண்டு: அமெரிக்காவின் யூஎஸ்ஜிஎஸ் எர்த் எக்ஸ்ப்ளோரரில் 2009-இன் லேண்ட்சாட்-5 படமும், ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் பிரவுசரில் 2022-இன் சென்டினல்-2 படமும் எடுங்கள். தேட வேண்டிய இடம்: வடக்கு 27.91, கிழக்கு 88.20. இரண்டுமே அக்டோபர் கடைசி அல்லது நவம்பர் படமாக இருக்கட்டும். மழைக்காலத்தில் மேகம் மறைக்கும், குளிர் முற்றினால் ஏரி உறைந்துவிடும். ஒரு படம் கோடையிலும் இன்னொன்று குளிரிலும் எடுத்ததாக இருந்தால், நீங்கள் அளப்பது பருவ மாற்றமாகத்தான் இருக்கும்.

2. தண்ணீரைப் பிரியுங்கள்

தண்ணீர் பச்சை ஒளியை ஓரளவு திருப்பி அனுப்பும், அண்மை அகச்சிவப்பை விழுங்கிவிடும். கியூஜிஐஎஸ்ஸின் ராஸ்டர் கால்குலேட்டரில் (படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் கணக்குப் போடும் கருவி) இப்படிக் கணக்கிடுங்கள்:

(பச்சை − அகச்சிவப்பு) ÷ (பச்சை + அகச்சிவப்பு)

லேண்ட்சாட்-5-இல் இவை 2, 4-ஆம் பட்டைகள் (ஒவ்வொரு வகை ஒளிக்கும் தனித்தனியாக வரும் படம்). சென்டினல்-2-இல் 3, 8. அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, பலரும் தவறவிடுவது இதைத்தான். சென்டினல் கோப்பின் எண்ணிலிருந்து 1000-ஐக் கழிக்க வேண்டும் (2022 ஜனவரிக்குப் பின் வந்த வடிவம் இது). லேண்ட்சாட் இரண்டாம் நிலை (வளிமண்டலத்தின் தாக்கத்தை நீக்கிய) கோப்பின் எண்ணை 0.0000275-ஆல் பெருக்கி 0.2-ஐக் கழிக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் மதிப்புகள் பூஜ்யத்தை நோக்கிச் சுருங்கி, கரை எங்கே என்பதே குழம்பும்.

விடை பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் தண்ணீர் என்று தொடங்குங்கள். மலை நிழலும் பனியும் தண்ணீர் வேடம் போடும். அதனால் தண்ணீர்ப் பகுதிகளைப் பாலிகன் (எல்லைக்கோட்டு வடிவம்) ஆக்கிய பிறகு ஒவ்வொன்றையும் அசல் படத்தோடு வைத்துப் பார்த்து, தேவையில்லாததைக் கையாலேயே நீக்குங்கள். மேற்குக் கரையில்தான் பனியாற்றின் முனை இருக்கிறது. அங்கே மிதக்கும் பனிக்கட்டிகள் கரைக்கோட்டைக் கடித்துவைக்கும், நிதானமாகச் சரிசெய்யுங்கள்.

3. பரப்பும் பிழையும்

மீட்டரில் அளக்க உதவும் யூடிஎம் வரைபட முறையின் 45 வடக்கு மண்டலத்துக்கு மாற்றிய பிறகு பரப்பையும் சுற்றளவையும் எடுங்கள். பரப்பு கிடைத்தவுடன் "ஏரி இவ்வளவு வளர்ந்தது" என்று எழுதிவிடாதீர்கள். கரையோரப் பிக்சலில் பாதி தண்ணீர், பாதி மண். ஆகவே சுற்றளவை அரைப் பிக்சல் நீளத்தால் பெருக்கினால் பிழையின் அளவு வரும்.

ஓர் எடுத்துக்காட்டு. சுற்றளவு 6 கிலோமீட்டர் என்றால், 30 மீட்டர் பிக்சலுள்ள லேண்ட்சாட்டில் 6000 × 15 = 90,000 சதுர மீட்டர், அதாவது 9 ஹெக்டேர். 10 மீட்டர் சென்டினலில் 3 ஹெக்டேர். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 9.5 வரும். அதைத் தாண்டாத வித்தியாசத்தை நான் மாற்றம் என்று சொல்ல மாட்டேன்.

இஸ்ரோ வெளியிட்ட எண்களில் இதைப் போட்டுப் பார்க்கலாம். ஏரியின் பரப்பு 2023 செப்டம்பர் 17-இல் 162.7 ஹெக்டேர், 28-இல் 167.4, அக்டோபர் 4-இல் 60.3. கடைசி வீழ்ச்சியில் சந்தேகமே இல்லை. ஆனால் முதல் இரண்டுக்கும் இடையே 4.7 ஹெக்டேர்தான். நம் முறையில், இரண்டும் 10 மீட்டர் படமாக இருந்தாலும் பிழை 4.2 ஆகிறது. 4.7 அதை மயிரிழையில்தான் தாண்டுகிறது. அந்த 11 நாளில் ஏரி வளர்ந்தது என்று நம் அளவீட்டை மட்டும் வைத்துச் சொல்ல எனக்குத் துணிவு வராது. ஏரிக்குக் கீழே மனிதர்கள் குடியிருக்கிறார்கள், அளவை மிகைப்படுத்தினாலும் தவறு, குறைத்தாலும் தவறு.

4. அப்புறம், சரிவைப் பாருங்கள்

ஏரியை மட்டும் அளந்தால் பாதி வேலைதான். 2023-இல் வடக்குப் பக்க மொரைனிலிருந்து (பனியாறு ஓரத்தில் குவித்துவிட்டுப் போன மண்ணும் கல்லுமான மேடு) சுமார் 1.47 கோடி கனமீட்டர் உறைந்த மண் ஏரியில் சரிந்து, பேரலை எழுப்பித்தான் உடைப்பு நேர்ந்தது. எனவே உயரத்தையும் ஒப்பிட வேண்டும். 2000 பிப்ரவரியில் விண்ணோடத்தின் ரேடார் அளந்த எஸ்ஆர்டிஎம் உயர மாதிரி, 2011–2015 தரவில் உருவான கோப்பர்நிக்கஸ் உயர மாதிரி, இரண்டுமே இலவசம். இவை 2023 சரிவைக் காட்டாது, அதற்கு முந்தைய மாற்றத்தைத்தான் காட்டும்.

கவனம்: இரண்டும் உயரத்தை ஒரே அடித்தளத்திலிருந்து கணக்கிடுவதில்லை. முதலில் அந்த அடித்தளத்தை ஒன்றாக்குங்கள். பிறகு பனியோ மொரைனோ இல்லாத, நகராத பாறைப்பகுதி ஒன்றில் புதியதிலிருந்து பழையதைக் கழியுங்கள். அங்கே பூஜ்யம் வர வேண்டும். எல்லா இடத்திலும் 3 மீட்டர் கூடுதலாக வந்தால், அந்த 3 மீட்டரை முழுப் படத்திலிருந்தும் கழித்துவிடுங்கள். அதன் பின்னும் அந்தப் பாறையில் மிஞ்சும் ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கத்தை 1.96-ஆல் (95 சதவீத நம்பிக்கைக்கான எண்) பெருக்குங்கள். மொரைனில் அதற்கு மேல் தாழ்ந்த பிக்சல்களை மட்டும் சிவப்பில் காட்டுங்கள், மற்றவற்றைச் சாம்பலாகவே விட்டுவிடுங்கள்.